பின் சீட்டில் இருந்து பார்த்தபோது

வேலை முடித்துக் காரைக் கொடுத்து மூன்றாம் நாள், ஹாஜியார் ஆரையம்பதியில் இருக்கும் என் கராஜுக்குத் திரும்பி வந்தார். காத்தான்குடியில் முன்பு புடவைக் கடை வைத்திருந்தவர். இறங்கியதும் தன் பழைய மொரிஸ் மைனரின் மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“தம்பி, வேலை நல்ல வேலைதான். ஆனா இவ இனிக் காருல ஏறமாட்டாவாம். கிளினிக்கும் வேணாம், ஒண்டும் வேணாம் எண்டு படுத்திட்டா.”

அவருடைய மனைவிக்காகத்தான் அந்த வேலையையே செய்தோம். முதுகில் ஒப்பரேஷன் செய்துகொண்டவர். கிழமைக்கு இரண்டு தரம் மட்டக்களப்புக்குப் போய்ப் பயிற்சி எடுத்தால்தான் திரும்ப நடக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஓட்டோ குலுக்கும். காரின் பின்பக்கம் இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த பட்டை ஸ்பிரிங் அதைவிட மோசம். அதற்காகக் கத்தாரில் இருக்கும் மகன் ஒரு சோடி கொயில் ஓவர் அனுப்பியிருந்தார். குலுக்கலை அடக்கும் சொக்கும் அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் ஒன்றாய் வரும் சாமான் அது. கீழே உள்ள வளையத்தைத் திருகிக் காரை உயர்த்தலாம், இறக்கலாம்.

பிள்ளைகளே, வேலையில் நான் சோம்பல்படவில்லை. பட்டை ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குவதோடு இரண்டு சில்லையும் இணைக்கும் அக்சிலையும் இடம் மாறாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கழற்றினால் அக்சிலைப் பிடிக்க வேறு ஏதாவது வேண்டும். நான்கு இரும்புக் கைகளும் ஒரு குறுக்குக் கம்பியும் செய்து பூட்டினேன். சொக்கின் மேல் பிராக்கெட்டை வெறும் தகட்டில் ஒட்டவில்லை. இரண்டு பக்கச் சட்டத்தையும் இணைத்துக் கனத்த குழாய் ஒன்று வைத்து, அதில் வெல்டிங் செய்தேன்.

பிழை கடைசியில்தான் நடந்தது. உயரம் வைக்கும்போது பின்னுக்குப் பாரம் ஏற்ற வேண்டும். மச்சான் கிரான் ஊரில் இருந்து கொண்டுவந்த நெல் மூட்டை நான்கு கராஜில் கிடந்தன. மூன்றைப் பின் சீட்டிலும் ஒன்றை டிக்கியிலும் ஏற்றினேன். நம் ஊரில் கார் என்றால் பின்னுக்கு நாலு பேரும் ஒரு அரிசி மூட்டையும் இல்லாமல் எங்கே போகிறது? அந்தப் பாரத்திலும் கார் நிமிர்ந்து நிற்கும்வரை வளையத்தைத் திருகினேன். மூட்டைகளோடேயே குருக்கள்மடம் வரை ஓட்டிப் பார்த்தேன். தோணியில் போவது போல் இருந்தது.

ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்று சொன்னதும் ஹாஜியார் கேட்டார்: “ஓட்டினது நீங்க. பின்னால இருந்தது ஆரு?”

“நெல்லு” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சாவியை அவரிடமே கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறினேன். இத்தனை வருடத்தில் நான் திருத்திய எந்தக் காரிலும் பின்னால் இருந்து போனதில்லை. முதல் பள்ளத்திலேயே நாரியில், முதுகின் அடியில், ஓர் அடி விழுந்தது. அப்போதுதான் விளங்கியது. ஓர் ஆள் மட்டும் இருந்தால் அந்த ஸ்பிரிங்குக்கு அது பாரமே இல்லை. சொக் முழுதாய் நீண்டு முட்டி நிற்கிறது. பள்ளத்தில் சில்லு இறங்க இடமில்லாமல் காரையும் சேர்த்து விழுத்துகிறது.

“நேரா வீட்டுக்கு விடுங்க, ஹாஜியார். ராத்தாவோட நான் கதைக்கணும்” என்றேன். அவர் மனைவியை நான் அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

வீட்டுக்குள் போனதும் அறைக்குள்ளிருந்து ராத்தாவின் குரல் வந்தது. “என்ட நாரிய முறிச்ச ஆளா வந்திரிக்காரு?”

“ஓம் ராத்தா, நான்தான். பிழை என்னிலதான். நெல்ல ஏத்தி அளவு பாத்தன். உங்கள ஏத்திப் பாக்கல்ல.”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“நாலு மூட்டை நெல்லும் நானும் ஒண்டா தம்பி? நான் இப்ப ஒரு மூட்டைக்கும் காணாது.”

“வாய் மட்டும் நாலு மூட்டை” என்றார் ஹாஜியார்.

“கேட்டீங்களா தம்பி? இந்த மனிசன ஏத்தி அளங்க, நான் வாறன்.”

சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். வளையத்தைப் பாதி தளர்த்திவிட்டு, அவரை ஒரு தரம் பின் சீட்டில் இருத்தி, மட்கார்டுக்கும் சில்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தேன். அவர் இறங்கியதும் அதே அளவு வரும்வரை மணல் பை ஏற்றினேன். பிறகு ஜாக் போடுவதும் வளையத்தைத் தளர்த்துவதும் இறக்கி உருட்டிப் பார்ப்பதுமாகப் பகல் முழுவதும் போனது. பள்ளத்தில் சில்லு இறங்க இடம் இருக்க, சொக் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய் நிற்கும்படி வைத்தேன்.

“இனி நாலு பேர் ஏறினாப் பின்பக்கம் குனியும், ஹாஜியார்.”

“குனியட்டும். மத்தவங்க பஸ்ஸில வரட்டும்.”

வாவிக்கரை ரோட்டில் ஹாஜியார் ஓட்ட, நான் முன்னால் இருந்து கண்ணாடியில் ராத்தாவின் முகத்தையே பார்த்தேன். ஒரு பள்ளம் வந்தது. அவர் கண்ணை இறுக்கி மூடினார். பிறகு மெல்லத் திறந்தார். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கணவரிடம் கேட்டார்:

“நாளைக்குக் கிளினிக் எத்தின மணிக்கு?”

அன்றிலிருந்து எந்தக் காரையும் ஒப்படைக்க முதல் அதில் பின்னால் ஏறி ஒரு சுற்றுப் போய் வருகிறேன். நீங்களும் எந்த வேலை செய்தாலும், “இதில் இருக்கப்போகிறவர் யார்?” என்று முதலில் கேளுங்கள். நான் வேலை எல்லாம் முடித்த பிறகுதான் கேட்டேன். அதற்குள் ஒரு மனுசி மூன்று நாள் வலியில் கிடந்துவிட்டார்.