நூலக வண்டியின் மாடுகளை விரட்டினேன்

எங்கள் காமயகவுண்டன்பட்டிக்கு முதன்முதலாக வந்த நூலக வண்டியை, ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பிள்ளை பிடிக்க வந்த கங்காணி வண்டி என்று நம்பிய புத்திசாலி நான்தான்.

"ஏலே, ஒம் மக பேச்சியம்மா பேரை ஒரு ஆளு நோட்டுல எழுதுறான்! அவ வண்டிக்குள்ள ஏறிட்டா!" என்று பக்கத்து வயல்காரர் கத்தினார். எங்கள் பக்கம் நோட்டில் பேர் எழுதுகிறவன் கங்காணிதான். மண்வெட்டியோடு ஓடினேன். வண்டி நகரக் கூடாதென்று, புளியமரத்தில் கட்டியிருந்த இரண்டு மாடுகளையும் அவிழ்த்து விரட்டிவிட்டு, "எவன்டா அவன், எறங்குடா!" என்று கர்ஜித்தேன். குரல் என்னவோ ஆட்டுக்குட்டி மாதிரிதான் வந்தது.

கூண்டு வண்டிக்குள்ளிருந்து என் ஏழு வயது மகள் எட்டிப் பார்த்தாள். "அய்யா, சத்தம் போடாதீக. வாத்தியார் கதை சொல்றாக."

உள்ளே பத்துப் பிள்ளைகள். யார் எந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள் என்பதைத்தான் புத்தகங்களோடு வந்த அந்த வாத்தியார் நோட்டில் எழுதியிருக்கிறார்.

பொழுது சாய்ந்தும் மாடுகள் அகப்படவில்லை. அந்த வண்டியில் என் மாடுகளைப் பூட்டி, வாத்தியாரை அடுத்த ஊரில் கொண்டுபோய் விட்டேன். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அந்த வண்டியை நானே ஓட்டுகிறேன். மழையானாலும் அறுப்பானாலும் விடுவதாயில்லை.

அன்று பத்துப் பிள்ளைகளும் புத்தகத்தோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். காணாமல் போனவை இரண்டு மாடுகள். அவற்றை விரட்டியவன் நான்.