பூஜைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

போன வாரம் ஆயுத பூஜை. அலுவலகத்தில் யாரோ என் லேப்டாப்புக்கும் சந்தனம் வைத்துவிட்டார்கள். அந்த வாசனை மற்றவர்களுக்குப் பொரிகடலையை நினைவுபடுத்தும். எனக்கு ஆகாது. கடலூர் முதுநகரில் நான் வேலை பார்த்த டிடிபி கடை அப்படி.

கல்யாணப் பத்திரிகையைவிடக் கண்ணீர் அஞ்சலிதான் அங்கே அதிகம் ஓடும். சுனாமி வந்த சில நாளில் பக்கத்து மீனவ கிராமத்து அண்ணன் ஒருவர் மகளின் போட்டோவோடு வந்தார். வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். உப்புத் தண்ணீர் குடித்த படம், ஸ்கேன் ஆனதும் கண்ணாடியிலேயே ஒட்டி உரிந்துபோயிற்று. முகம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது என்று காட்டித் தேற்றினேன். பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் வந்து நினைவஞ்சலிப் போஸ்டர் அடித்து, ஊருக்குள் ஒட்டாமல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒட்டிவிட்டுப் போவார். வீட்டுக்கு ஒன்று தரட்டுமா என்றால் வாங்க மாட்டார்.

"வேணாம் தம்பி. அவ அம்மா பாத்தான்னா சோறு எறங்காது. இங்கியே இருக்கட்டும்."

எங்கள் முதலாளி மகா சுத்தக்காரர். ஒரு வருடம் ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவியவர், அதோடு நிற்காமல் கம்ப்யூட்டருக்குள்ளும் இறங்கிவிட்டார். வாயில் நுழையாத பெயருள்ள ஃபைல்களையெல்லாம் குப்பை என்று அழித்துவிட்டு, மானிட்டருக்குக் குங்குமம் வைத்தார். பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாதே. மறுநாள்தான் போட்டுப் பார்த்தோம். தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. திரும்ப இன்ஸ்டால் செய்தால் பாதியில் நின்று, ஏதோ ஃபைல் இல்லை என்றது.

"முக்கியமானது எதையும் தொடலியேப்பா" என்றார் முதலாளி. விண்டோஸின் குடலையே உருவியிருந்தார்.

சிதம்பரத்தில் என் மச்சான் கடையில் அதே விண்டோஸ் இருந்தது. அழிந்த ஃபைல்களை அங்கிருந்து சிடியில் எடுத்து வருகிறேன், அதுவரை யாரும் தொடாதீர்கள், டெஸ்க்டாப்பில் அந்தப் பிள்ளையின் படம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சஞ்சீவி மலையைத் தூக்கப் போகிற நினைப்பு எனக்கு.

திரும்பி வந்தபோது திரையில் தமிழ் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகை அடிக்க வந்தவர் அவசரப்படுத்த, முதலாளி ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறார்.

"சி டிரைவ் மட்டுந்தான்ணே ஃபார்மேட் அடிச்சேன். மத்தது அப்படியே கெடக்கு" என்றான் அவன்.

டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில்தான். அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் என்று சொன்னதையெல்லாம் போட்டுப் பார்த்தேன். பாதி முகம்கூட வரவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒட்டிய பழைய போஸ்டர்களும் மழையில் கரைந்து போயிருந்தன.

அந்த டிசம்பரில் அண்ணன் வரவில்லை. அவர் மனைவி வந்தார்.

"அவுருக்கு ஒடம்பு முடியல தம்பி. நான் போஸ்டருக்கு வரல. இத்தினி வருசம் பயந்துகிட்டே இருந்துட்டேன். எம் பொண்ணு மொகத்த ஒரே ஒரு வாட்டி காட்டேன்."

முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார். நான்தான் சொன்னேன். அந்த அக்கா அழவில்லை. "இந்தப் பொட்டிலதான இருந்திச்சி?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

இப்போது அங்கே செல்போன் கடை. போஸ்டர் போய் பிளக்ஸ் வந்துவிட்டது. என் போனில் தின்ற தோசைக்குக்கூடப் படம் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் முகம் உலகத்தில் எங்கேயும் இல்லை.