ஊகத்துக்கு ஓர் உதாரணம்

காலையில் மகள் தமிழ்த் தேர்வுக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். “ஊகம் என்பது பத்தியில் எழுதாததை, எழுதியதிலிருந்து அறிவது. அம்மா, ஒரு உதாரணம் சொல்லேன்.”

எனக்கு வள்ளியின் ஞாபகம் வந்தது.

பள்ளத்தூரில் ஏழாம் வகுப்பு. ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையில் டீச்சர் ‘மையக்கருத்து, சான்று, ஊகம்’ என்று எழுதிவிட்டு ஒரு பத்தியை வாசித்தார். வெளிநாட்டில் இருக்கும் அப்பா, ஊருக்கு வருவதாகப் போனில் சொல்கிறார். பிள்ளைகள் வாசலில் காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

“இதுல என்ன ஊகிக்கிறீக?”

என் பக்கத்திலிருந்த வள்ளி எழுந்தாள். அவள் அப்பா மலேசியா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

“அவரு வரமாட்டாரு டீச்சர்.”

“சான்று?”

“வாரேன்னுதான் சொல்றாரு. என்னைக்குன்னு சொல்லலையே.”

வகுப்பு சிரித்தது. டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு அவளருகே வந்தார். “சரியாத்தான் சொல்லியிருக்க. உக்காரு தாயி” என்று தலையைத் தடவினார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் வள்ளி என்னையும் இழுத்துக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

“எங்கம்மாவப் பாத்தா இதைச் சொல்லிறாதீக டீச்சர். தீபாவளிக்கு அப்பா வருவாருன்னு வேட்டி எடுத்து வச்சிருக்கு.”

டீச்சர் சொல்லவில்லை. தீபாவளியன்று நான் பஸ் நிறுத்தத்தைக் கடந்தபோது வள்ளியும் அவள் அம்மாவும் அங்கே நின்றிருந்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸையும் வள்ளிதான் முதலில் எட்டிப் பார்த்தாள்.