ஊசிக்கு ஒளிந்த அப்பா

அப்பா இறந்து நாற்பது நாள் ஆகிறது. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் இறந்தார். அழலாம் என்று உட்கார்ந்தால், எட்டு வயதில் நான் சொன்ன ஒரு பொய்தான் முன்னால் வந்து நிற்கிறது.

ஒகேனக்கல்லில் அப்பாவுக்கு மீன்பிடி. வீச்சுவலையின் ஓரத்துக்கு வேண்டிய ஈயக் குண்டுகளை அவரே செய்வார். பழைய பேட்டரியை உடைத்து, ஈயத்தைச் சட்டியில் உருக்கி ஊற்றுவார். ஆறியதும் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு குண்டையும் நூலில் மாட்டிப் பல்லால் கடித்து இறுக்குவோம். யார் அதிகம் கடிப்பது என்று போட்டி. அவர் வேண்டுமென்றே தோற்பார்.

எனக்கு வயிறு சுருட்டிப் பிடிக்க ஆரம்பித்தது. ஈயம் கடிக்கிறவர்களுக்கு வரும் இந்த வலிக்கு எங்கள் தெருவில் ஒரு வைத்தியம் உண்டு: வறுத்த மீன் கொழுப்பு.

"தின்னு கண்ணு. ஈயம் வழுக்கிக்கிட்டு வெளிய போயிடும்" என்று அப்பா ஊட்டிவிட்டார்.

நாலாம் நாள் எனக்குக் கைகால் வெட்டி இழுத்தது. அம்மாவைக் கைக்குழந்தையோடு வீட்டில் விட்டுவிட்டு, அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தருமபுரிக்கு பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் தினமும் ஊசி. பிறகு அழுகிய முட்டை போல நாறும் மாத்திரை. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ள ரத்தத்துல ஈயம் மட்டும் இல்ல, கொழுப்பும் ஏறிக் கெடக்கு. கொழுப்பு குடுத்தா ஈயம் வெளிய போவாதுய்யா, இன்னும் உள்ள புடிச்சுக்கும். நீயும்தான கடிக்கற? விட்டா ஈயம் மெள்ளமெள்ளக் கிட்னியத் தின்னுடும். காலையில உனக்கும் ரத்தம் எடுக்கணும்."

"நான் கல்லாட்டம் இருக்கறங்க."

"கல்லுல ரத்தம் வருதான்னு காலையில பாப்போம்."

காலையில் நர்ஸ் வந்தபோது அப்பா கதவுக்குப் பின்னால் நின்றார். உதட்டில் விரல். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. பரிசலில் சுழலைத் தாண்டுகிறவர் ஊசிக்கு இப்படி நடுங்குகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவரையும் படுக்கவைத்துவிட்டால் என் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது, அதற்குத்தான் ஒளிகிறார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"உங்கப்பா எங்க பாப்பா?"

"ஊருக்குப் போயிட்டாருங்க."

"எப்ப வருவாரு?"

"வரமாட்டாருங்க."

நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அப்பா வெளியே வந்து என் கன்னத்தைக் கிள்ளினார்.

"என் ராசாத்தி, பொழைக்க வெச்சுட்டடி!"

அன்று எனக்கு இரண்டு ஊசி. ஒரு சொட்டுக்கூட அழவில்லை. அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.