‘ஃபார்’ என்றால் யாருக்கு?

“ஆண்ட்டி, இது கூட்டத்துக்கு வராதவங்க அனுப்புற ஃபாரம். நீங்கதான் நேர்லயே வந்துட்டீங்களே!”

போன வியாழக்கிழமை தஞ்சோங் பகாரில், ஓர் உயரமான கட்டடத்தின் கூட்ட அறை வாசலில், கழுத்தில் அட்டை மாட்டிய தமிழ்ப் பெண் ஒருத்தி என்னிடம் இப்படிச் சொன்னாள். பின்னால் நீண்ட வரிசை. எனக்கு முகம் எரிந்தது.

என் கையில் இரண்டு படிவங்கள். ஒன்று என்னுடையது. இன்னொன்று பக்கத்தில் நின்ற மைமூன் ராத்தாவுடையது. ராத்தா என்றால் அக்கா. இரண்டையும் நான்தான் ஈசூனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு நாளாக நிரப்பினேன். தபாலில் தொலைந்துவிடக் கூடாதே என்று, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

பிராக்சி ஃபாரமாம். வர முடியாதவர், தனக்குப் பதிலாக இன்னொருவர் ஓட்டுப் போடட்டும் என்று அனுப்புகிற தாள். அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு நாங்களே வந்து நிற்கிறோம்… என்ன சொல்ல!

இது என்ன கூட்டம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் தேக்கா சந்தையில் வடை சுட்டுப் பிழைத்தவள் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ராத்தா நூடுல்ஸ் வறுத்துக் கொடுக்கிற மீ கோரிங் கடை என் கடைக்கு அடுத்தது. பழைய எண்ணெயை என்ன செய்வது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தலைவலி. ஒருநாள் ஒரு சீனர் லாரியில் வந்து இறங்கினார். “எனக்குக் கொடுங்கள், இதில் கரண்ட் எடுக்கப்போகிறேன்” என்றார். நாங்கள் சிரித்தோம். வடை சுட்ட எண்ணெயில் கரண்டா? அவர் சிரிக்கவில்லை. நின்றபடியே இரண்டு வடை சாப்பிட்டார். காசு கொடுத்தார். டின்னைத் தானே தூக்கி லாரியில் வைத்தார்.

தவுக்கே என்று கூப்பிடுவோம். முதலாளிதான், ஆனால் டின் தூக்குகிற முதலாளி.

அந்த எண்ணெயையும் எண்ணெய் எடுத்த செம்பனைக் கழிவையும் எரித்து மின்சாரம் எடுக்க, மலேசியாவில் ஓர் ஆலை எழுந்தது. கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. கடையை விட்டபோது கிடைத்த பணத்தில் நான் கொஞ்சம் பங்கு வாங்கினேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ராத்தாவிடம் சொன்னேன். சும்மாதான் சொன்னேன்.

ராத்தா ஹஜ்ஜுக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருப்பவர். இங்கே வரிசை அப்படி. அந்தப் பணம் பேங்கில் கிடந்தது. “தூங்குற காசுதானே புள்ள, நீ சொன்னா சரிதான்” என்று முழுவதையும் எடுத்துப் போட்டார்.

பங்கு விலை ஏறியது. இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில், வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது என்று நிறுத்தியே விட்டார்கள். போன மாதம் ராத்தாவுக்குத் தகவல் வந்தது — அடுத்த வருடம் உங்கள் பெயர் வரலாம், பணத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வாரம்தான் கம்பெனிக்குள் சண்டை வெடித்தது.

இயக்குநர்கள் இரண்டு கட்சி. ஒரு பக்கம் தவுக்கே. மறுபக்கம், பின்னால் வந்து ஏராளமான பங்குகளை வாங்கிக் குவித்தவர்கள். ‘சொந்தக்காரர்களுக்கே கான்ட்ராக்ட் கொடுத்தார்’ என்று அவர்கள். ‘ஆலையை விற்றுத் தின்னப் பார்க்கிறார்கள்’ என்று இவர். தவுக்கேயை நீக்க ஒரு தீர்மானம், அதற்கு ஒரு கூட்டம். நீக்கினால் ஆலையை விற்று எங்களுக்கெல்லாம் ஏதாவது பிரித்துக் கொடுத்துவிடுவார்களாம். சீக்கிரம் வரும், ஆனால் கொஞ்சம்தான் வரும். தவுக்கே இருந்தால் எல்லாவற்றையும் மீட்டுத் தருவாராம். எல்லாம் வரும், ஆனால் எப்போது?

இரண்டு பக்கமும் கடிதம் போட்டார்கள். பேத்தி வயதுப் பெண்கள் போன் செய்து “ஆண்ட்டி, சப்போர்ட் பண்ணுங்க” என்றார்கள். இரண்டு கடிதத்திலும் ஒரே வரி — சிறு பங்குதாரர்களின் நலனே எங்களுக்கு முக்கியம். என்னைச் சிறியவள் என்று இவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

ராத்தாவும் நானும் தேக்காவில் டீயை வைத்துக்கொண்டு யோசித்தோம்.

“அந்த ஆளு வேணாம் புள்ள. போகட்டும்” என்றார் ராத்தா.

“நல்ல மனுஷன் ராத்தா. தானே டின் தூக்குவாரே…”

“தூக்குனாரு. திருப்பிக் கொண்டாந்தாரா? என் நல்ல டின் ரெண்டு, மூடி போட்டது. இன்னிக்கு வரைக்கும் வரல.”

“ஒரு டின்னுக்காகவா ராத்தா?”

“ரெண்டு டின்! டின்னையே திருப்பித் தராதவன் என் ஹஜ் காசைத் தருவானா?”

ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. நான் நம்பி, இன்னொருவரையும் நம்பவைத்த ஆளை நானே போகச் சொல்வதா? சரி, அவரவர் விருப்பப்படி போடுவோம் என்று முடிவாயிற்று.

படிவத்தில் இரண்டு கட்டம். ஃபார், அகேன்ஸ்ட். ஆறாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அந்த இரண்டு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியும். எனக்குத் தவுக்கே வேண்டும், அதனால் என் தாளில் ‘ஃபார்’. ராத்தாவுக்கு வேண்டாம், அவர் தாளில் ‘அகேன்ஸ்ட்’. இதில் என்ன குழப்பம்?

வாசலில் நின்ற அந்தப் பெண் இரண்டு தாளையும் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

“ஆண்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க… தீர்மானமே அவரை நீக்குறதுதான். ‘ஃபார்’னா நீக்கச் சம்மதம்னு அர்த்தம். ‘அகேன்ஸ்ட்’னா நீக்க வேணாம்.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ராத்தாவுக்கு அதுகூட ஆகவில்லை.

“அலாமா! என் பேர்ல அவனைக் காப்பாத்திட்டு, உன் பேர்ல அவனைத் துரத்திட்டியே புள்ள!”

வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்படியே லிஃப்டுக்குள் ஓடிவிடலாம் போல இருந்தது. நல்லவேளை, நேரில் வந்துவிட்டதால் அந்தத் தாள்கள் செல்லாது என்று சொல்லி, ஆளுக்கு ஒரு சின்ன கருவியைக் கொடுத்தாள் அந்தப் பெண். ஒன்றை அழுத்தினால் ‘ஃபார்’. இரண்டை அழுத்தினால் ‘அகேன்ஸ்ட்’. இந்தத் தடவை நான் உள்ளங்கையில் பேனாவால் எழுதியே வைத்துக்கொண்டேன்: 1 — போகட்டும். 2 — இருக்கட்டும்.

உள்ளே பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். யார் யாருக்கு எந்தத் தேதியில் நோட்டீஸ் கொடுத்தார், அது செல்லுமா செல்லாதா… ஒரு வக்கீல் எழுந்தால் இன்னொரு வக்கீல் எழுந்தார். தவுக்கே மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம். அதை ராத்தாவின் காதில் மெல்லக் கேட்டேன் — “ராத்தா, மெஷின் இப்ப ஓடுதா, இல்லையா? அதை யாருமே சொல்லலையே?”

காதில் கேட்டதோடு விட்டிருக்க வேண்டும். ராத்தா எழுந்தே விட்டார். யாரோ மைக்கை நீட்டினார்கள்.

“மை ஃப்ரெண்ட் ஆஸ்கிங்” என்று ஆரம்பித்து என் தலையைத் தொட்டுக் காட்டினார். “மெஷின் ஆன்னா, ஆஃபா?”

அறையில் சிரிப்பு. நான் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். சிரிப்பு அடங்கியது. பதில் வரவில்லை. மேடையில் இந்தக் கட்சி அந்தக் கட்சியைப் பார்த்தது. கடைசியில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆலை தற்சமயம் பராமரிப்பில் இருக்கிறது என்றார். எத்தனை நாளாக? அதைப் பிறகு தெரிவிப்பார்களாம்.

கரண்டி யார் கையில் என்று இரண்டு மணி நேரமாகச் சண்டை. அடுப்பு எப்போதோ அணைந்துவிட்டது.

ஓட்டுப் போடச் சொன்னார்கள். ராத்தா கருவியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். நானும் மறைத்துக்கொண்டேன். உள்ளங்கையைப் பார்த்தேன். ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அழுத்தினேன்.

அடுத்த சில நிமிடங்களில் திரையில் முடிவு. தவுக்கே போய்விட்டார். பெரிய ஆட்களின் ஓட்டிலேயே எல்லாம் முன்கூட்டியே தீர்ந்திருந்தது. நாங்கள் அழுத்தியது அந்தத் திரையில் ஒரு புள்ளிக்குக்கூடக் காணாது.

வெளியே தேநீர் மேசை. சண்டை போட்ட இரண்டு கட்சியும் ஒரே கறி பஃப் தட்டைச் சுற்றி நின்றன. நான் ராத்தாவை இழுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அப்போது தவுக்கே எங்களைக் கடந்து போனார். நின்றார்.

“ஆண்ட்டி… தேக்கா. வடை!” என்றார்.

ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடினேன். அதற்குள் ராத்தா முந்திக்கொண்டார்.

“தவுக்கே, என் டின் எங்கே?”

அவருக்கு முதலில் புரியவில்லை. ராத்தா இரண்டு விரலைக் காட்டினார். கையால் மூடியையும் வரைந்து காட்டினார். பிறகு தவுக்கே தலையைக் குனிந்து, “சாரி ஆண்ட்டி. ரியலி சாரி” என்றார்.

அன்று அந்தக் கட்டடத்தில் எத்தனையோ பேரின் சேமிப்பு கரைந்த கதை பேசப்பட்டது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு எண்ணெய் டின்னுக்கு மட்டும் ஒருவர் கேட்டார்.

ரயில் நியூட்டன் நிலையத்தைத் தாண்டியதும் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

“ராத்தா, உங்க பேர் வந்துட்டா என்ன பண்ணுவீங்க? என்கிட்ட கொஞ்சம் இருக்கு…”

“உன் காசுல நான் ஹஜ் போகவா? போ புள்ள. அடுத்த வருஷம் வரலன்னு எழுதிக் கொடுத்துடுவேன். தள்ளிப் போட்டுக்கலாமாம், கேட்டுட்டேன்.”

முன்பே கேட்டு வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. முட்டிவலி வந்த காலோடு இன்னும் எத்தனை வருடம் தள்ளிப் போடுவார்? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“தனம், நீ எதை அமுக்குன? நிஜத்தைச் சொல்லு.”

“ஒண்ணு” என்றேன். “போகட்டும்னு. கொஞ்சமாவது சீக்கிரம் வந்தா உங்களுக்கு ஆகுமேன்னு… நீங்களும் ஒண்ணுதானே?”

ராத்தா கைப்பையைத் திறந்தார். டிஷ்யூவில் சுற்றிய இரண்டு கறி பஃப். ஒன்றை என் கையில் வைத்தார்.

“நான் ரெண்டு. அந்த ஆளு எல்லாத்தையும் மீட்டுட்டா, நீ என்னைப் பார்க்குறப்பல்லாம் இப்படி மூஞ்சியத் தொங்கப் போட மாட்டல்ல?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. இரண்டையும் கறி பஃப்பைக் கடித்து அடக்கினேன். ராத்தா மட்டும் எதையோ கணக்குப் போடுவதுபோல் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். உன் தாளில் ‘ஃபார்’, ஒன்று… என் தாளில் ‘அகேன்ஸ்ட்’, இரண்டு…

ஈசூன் வந்துவிட்டது. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அப்போ நீ தப்பாப் போட்ட ஃபாரத்தையே அனுப்பிட்டு, வீட்டுல உக்காந்திருக்கலாம் லா!”