மூன்று கிழமைக்கு ஓர் ஊசி

முதல் அறிகுறியை நான் நோயென்றே எண்ணவில்லை. கிழமைக்கு (வாரத்துக்கு) ஒருதரம் சவரம் செய்தாலே போதுமாகியிருந்தது. பகலிலும் தூக்கம் வந்தது. மனைவி சுபைதாவின் பக்கம் திரும்பிப் படுக்கவே மனமில்லை. முப்பத்துநாலு வயதில்!

எங்கள் கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு அவளுடையது. அதே வளவில் அடுத்த வீடு சுபைதாவின் தங்கைக்கு. எங்களுக்குப் பிள்ளையில்லை; பிள்ளை வரட்டுமென்று சுபைதாவுக்கு அவள் உம்மா, என் மாமி, நாளும் கசாயம் காய்ச்சிக் கொடுத்தார். தங்கையைக் கட்டிய லத்தீப் வந்து மூன்றாம் மாதமே அவள் வாந்தி எடுத்தாள். அவன் கிணற்றடியில் குளிப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறெரியும். சொல்ல வெட்கம்தான். இதை வாசிக்கும் யாருக்கோ அதே எரிச்சல் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

அரிசி ஆலைக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மட்டக்களப்பில் டொக்டரைப் பார்த்தேன். இரத்தமும் விந்தும் சோதித்தார்கள். கல்யாணத்துக்கு முன் வந்த கூகைக்கட்டு (தாடையடி வீங்கும் காய்ச்சல்) விதைகளைப் பழுதாக்கியிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் (ஆணுடம்பை நடத்தும் சுரப்பு) மிகவும் குறைந்திருந்தது.

"ஊசி போட்டா தெம்பு வரும், தாடி வரும், ஆசையும் வரும் தம்பி. ஆனா பிள்ளைக்கு இது மருந்தில்ல. மனுசியையும் கூட்டிட்டு வாங்க, கதைப்பம்" என்றார் டொக்டர்.

கூட்டிப்போகவில்லை. அதுதான் என் பிழை. மூன்று கிழமைக்கு ஒருதரம் தனியே போய்ப் பிட்டத்தில் எண்ணெய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். நாலைந்து ஊசியில் தாடி கறுத்தது. அத்தர் பூசிக்கொண்டு பஸ் ஏறினேன். ஊர் சும்மா இருக்குமா? பிள்ளையில்லாதவன், மினுக்கிக்கொண்டு எங்கேயோ போகிறான். காத்தான்குடியில் இரண்டாம் நிக்காஹ் முடித்துவிட்டான் என்று கதை கட்டிவிட்டார்கள்.

"காக்கா, லேசான ஆளில்ல நீங்க!" என்று அண்ணன் முறை சொல்லி லத்தீப் கண்ணடித்தான். என்னைப் பார்த்து அவனுக்குப் பொறாமை! அந்த ருசியை விட என்னால் முடியவில்லை. மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுபைதா முகம் கொடுத்துக் கதைக்காமல் விட்டபோதும் உள்ளுக்குள் இனித்தது. என்ன மனிசன் நான்!

ஒருநாள் காலையில் என் பெட்டி வாசலில் இருந்தது.

"அவள்ட ஊட்டுக்கே போங்க மச்சான். இது என்ட ஊடு" என்றாள் சுபைதா.

கிளினிக் கொப்பியைக் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். வேறு பெண்ணில்லை என்று சந்தோசப்படுவாள் என நினைத்தேன்.

"அப்ப எட்டு மாசமா ஒங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"எட்டு மாசமா அந்தக் கசாயத்த என்னத்துக்கு என்னக் குடிக்க உட்டீங்க? உம்மா என்ன மலடிண்டு ஏசக்குள்ள, பக்கத்துல இருந்து சோறு தின்டீங்களே!"

பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கப் போனேன்.

"பெட்டி கிடக்கட்டும். உம்மாக்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள்.

வளவில் எல்லோரும் இருக்கும்போது உண்மையைச் சொன்னேன். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுத் தலை குனிந்தார். லத்தீப் நிலத்தைப் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

இன்று என் காலம் மூன்று கிழமைக்கு மேல் நீள்வதில்லை. முதற் கிழமை வாலிபன், கடைசிக் கிழமை கிழவன். அடுத்த ஊசிக்கு நாட்காட்டி தேவையில்லை, முழங்கால் நோவே சொல்லிவிடும்.

நான் உண்மையைச் சொன்ன அன்று பகல் சுபைதா தங்கையோடு ஒரே சகனில் (பலர் சேர்ந்துண்ணும் பெரிய தட்டில்) சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டாள். அப்படி அவள் சிரித்து நான் கண்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு ஆயுளுக்கும் ஊசி; அவள் சுகப்பட ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அதை எட்டு மாதம் வாய்க்குள் அடக்கி வைத்திருந்தவன் நான்.