மெர்சி அக்காவும் நாலாம் நம்பர் பூட்ஸும்

பொம்மனஹள்ளியில் ஏறிய பஸ் சிங்கசந்திராவைத் தாண்டுவதற்குள் மெர்சி அக்கா மூன்று போன் பேசி முடித்துவிடுவார். ஆறு வருடமாகப் பக்கத்து சீட்டிலிருந்து பார்க்கிறேன், மாறியதே இல்லை. மூன்றும் அரசு ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுக்கு. கேள்வியும் ஒன்றுதான்: பாம்புக்கடி மருந்து இருக்கிறதா, எத்தனை பாட்டில்? பதிலைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். சாயங்காலத்துக்குள் பினாயில் அதை அழித்துவிடும். மறுநாள் மறுபடி போன்.

“யாருன்னு கேட்டா இன்னாக்கா சொல்வீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மெர்சி, எலெக்ட்ரானிக் சிட்டிலர்ந்து பேசறேன்னுவேன். மீதிய அவங்களே பெரிசா நெனச்சிக்கிறாங்க.”

கோலார் தங்கவயலில் பிறந்தவர். இங்கே பதினான்கு மாடி அடுக்ககம் ஒன்றில் துப்புரவுப் பணியாளர்களுக்கு சூப்பர்வைசர். பின்சுவரை ஒட்டி இன்னொரு கட்டடம் எழும்புகிறது. அதைக் கட்டுகிறவர்கள் அங்கேயே தகரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். செங்கல் அடுக்கு, குப்பை, எலி. எலியைத் தேடி வருவதும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் அக்கா அங்கே போய் நிற்பார். கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகு, டார்ச் இல்லாமல் வெளியே போகாதே என்று பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும் அதட்டல் நடக்கும். அவர்கள் வைத்த பெயர் ‘ஹாவு மேடம்’, பாம்பு மேடம். அக்காவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். இந்த உள்ளங்கை வேலைக்கு ஓர் ஆப் செய்து தருகிறேன் என்றேன். “சரி, அதுக்காக ஆஸ்பத்திரிக்கு தெனம் யாரு போன் பண்ணிக் கேப்பாங்க?” என்றார்.

போன ஜூலையில், செங்கல் எடுக்கக் குனிந்த வீணாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. ராய்ச்சூர்ப் பெண், இருபத்திரண்டு வயது. கூட இருந்தவர்கள் கையில் கிடைத்த கட்டுக்கம்பியைக் கெண்டைக்காலில் சுற்றிக் குறடால் முறுக்கிவிட்டு, கடிவாயைக் கீற பிளேடு தேடிக்கொண்டிருந்தார்கள். ஓடிவந்த அக்கா பிளேடைப் பிடுங்கினார்.

“கம்பி போட்டு முறுக்கறதுக்கு அது இன்னா பில்லரா, மேஸ்திரி?”

காலை அசையவிடாமல் ஒரு சென்ட்ரிங் பலகைத் துண்டோடு சேர்த்துத் துணியால் சுற்றி, தண்ணீர் கேன் வண்டியில் படுக்கவைத்தார். பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பப்போன டிரைவரிடம் உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். அன்று அங்கே மருந்து பூஜ்யம். வண்டி தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போனது. கம்பியை டாக்டர்தான் எடுத்தார். வீணா பிழைத்தாள். கம்பி அறுத்த வளையம் மட்டும் காலில் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து அதே செங்கல் அடுக்கில் ரப்பர் செருப்போடு அவளைப் பார்த்து அக்கா கத்தினார். கான்ட்ராக்டர் வாங்கிப்போட்ட கம்பூட்ஸ், முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், எல்லாம் ஆண்களுக்கு. ஏழாம் நம்பருக்குக் கீழே கிடையாது. வீணாவின் கால் நாலு. நீங்களே வாங்கிக் கொடுங்கள், போட்டுக்கொள்கிறேன் என்றாள் அவள், சிரித்தபடி. “தரேன்டி” என்றார் அக்கா.

ஒரு வருடம் ஆகிறது. எங்கள் பக்கத்துக் கடைகளில் ஆறுக்குக் குறைவாக இல்லை. ஆறில் பழந்துணி திணித்துப் போட்டுப் பார்த்தவள், செங்கல் கூடையோடு சாரப் பலகையில் தடுக்கி விழப்போனாள். நான் ஆன்லைனில் வரவழைத்தது பூப்போட்ட மழைக்கால ஜோடி. இரண்டாம் நாளே ஆணி ஏறிவிட்டது. மழை மறுபடி தொடங்கிவிட்டது. வீணா இன்னும் செருப்பில்தான் செங்கல் சுமக்கிறாள். அக்கா இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

போன சனிக்கிழமை ஓசூர் ரோட்டில் புதிதாய் ஒரு கடை தெரிந்ததும் பஸ்ஸை விட்டு என்னையும் இறக்கினார். அங்கேயும் ஆறுதான். சாக்ஸ் இரண்டு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். அக்கா கைப்பையிலிருந்து, வீணா தன் காலை அளந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்த நூலை எடுத்து, பூட்ஸின் அடியில் நீளவாக்கில் போட்டார். நூல் முடிந்த பிறகும் பூட்ஸ் இருந்தது. நூல் எட்டாத அந்த நுனியை வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தினார். வெறும் ரப்பர் உள்ளே அமுங்கியது. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.